பச்சை விழுந்த தாள்

அன்புச்செல்விக்குக் காளான் பைத்தியம் என்று ஊருக்கு முதலில் சொன்னவன் நான்தான். இதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வேறு யாராவது எடுத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் பெயர் ராஜமாணிக்கம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் மனு எழுதுகிறேன். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு, எதுவாக இருந்தாலும் படிக்கிற அதிகாரிக்குக் கண் கலங்குகிற மாதிரி பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். என் மேஜை நிற்பது 'கவி ஜெராக்ஸ்' வாசலில். அந்தக் கடைதான் அன்புச்செல்வியுடையது. நான் எழுதுவேன், அவள் மூன்று காப்பி போடுவாள். பதினோரு வருஷமாக இப்படித்தான் இருவர் பிழைப்பும் ஓடுகிறது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயசு. பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பம். கணவர் பிரசாத் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் கவிநிலா, ஏழாவது படிக்கிறாள். அன்புச்செல்வியிடம் ஒரு கெட்ட பழக்கம். மெஷினுக்குள் போகிற எல்லாக் காகிதத்தையும் படித்துவிடுவாள். ஜாதகம் வந்தால் ஜாதகம், கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் கோர்ட்டு நோட்டீஸ்.

"அடுத்தவங்க பேப்பர ஏம்மா படிக்கற?" என்று கேட்டால், "படிக்காம எப்டிண்ணா? தலகீழா வெச்சுட்டா யாரு கண்டா?" என்பாள்.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆமாம், இன்னொன்று இருக்கிறது. காலில் மெட்டி போடமாட்டாள். கட்டினவன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது இது என்ன கூத்து என்று மனு கொடுக்க வருகிற பெண்கள் என்னிடம் குசுகுசுவென்று கேட்பார்கள். எனக்கே தெரியாது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சரி, பைத்தியத்துக்கு வருகிறேன். மழை பெய்த மறுநாள் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். புல் மேல், குப்பைமேட்டில், பட்டுப்போன மரத்தடியில் எங்கே காளான் இருந்தாலும் தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். குடையை மட்டும் காம்பிலிருந்து நறுக்கி, ஒரு வெள்ளைத் தாள் மேல் கவிழ்த்து வைத்து, எவர்சில்வர் கிண்ணத்தால் மூடிவிடுவாள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கிண்ணத்தையும் குடையையும் தூக்கினால் தாளில் ஒரு வட்டம் விழுந்திருக்கும். குடைக்கடியில் இருக்கிற மடிப்புகளிலிருந்து உதிர்ந்த வித்துத்தூள். மடிப்புக்கு ஒரு கோடாக, சக்கரத்து ஆரம் போல அத்தனை துல்லியமாக இருக்கும்.

"பாருங்கண்ணா! தானே பிரிண்ட் எடுத்துகுது! கரண்டு வேணாம், டோனர் வேணாம்!"

முதல் தடவை அவள் கத்திய கத்தலில் என் பேனா மனு மேல் விழுந்து மை கொட்டிவிட்டது. காளானுக்குக் காளான் இந்தத் தூளின் நிறம் மாறுமாம். வெள்ளை, வெளிர்ரோஜா, காப்பிப்பொடி, கறுப்பு. வெள்ளைத்தூள் வெள்ளைத்தாளில் தெரியாது என்று தாளில் பாதிக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளையும் லேமினேஷன் செய்து, தேதி எழுதி, தானே ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒரு ஆல்பமே செய்துவிட்டாள். எண்பது பக்கம் தாண்டிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம் கல்யாண ஆல்பம் மாதிரி அதைக் காட்டுவாள். முதல் பக்கத்தை மட்டும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டாவதிலிருந்துதான் திருப்புவாள். அப்போதுதான் நான் பைத்தியம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

பைத்தியம் பிடித்த காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் பிரசாத் ஒரு பை நிறைய வெள்ளைக் காளானைப் புல்வெளியிலிருந்து பறித்துக்கொண்டு வந்தார். அவள் குழம்பு வைத்தாள். கடைக்கு அவசரமாக ஓடியதால் அவள் சாப்பிடவில்லை. இரண்டு மணி நேரத்தில் அப்பாவும் மகளும் மாறி மாறி வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏறியது. டாக்டர் அவளைப் பார்த்து, "எந்தக் காளான்மா?" என்று கேட்டிருக்கிறார். "வெள்ளையா இருந்துச்சு சார்." "வெள்ளையா நூறு இருக்கும். அதுல எது?" அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அடுத்த வருஷம் ஒரு கல்லூரிப் பெண் பைண்டிங் போட ஆய்வேடு ஒன்று கொண்டு வந்தாள். இந்த மாவட்டத்துக் காளான்களைப் பற்றியது. பக்கம் அறுபத்து மூன்றில் ஒரு படம். அன்புச்செல்வி மெஷினை நிறுத்திவிட்டாள். அதே காளான்! தட்டு அளவு வெள்ளைக் குடை, உச்சியில் பழுப்புச் செதில், காம்பில் மோதிரம் மாதிரி ஒரு வளையம். பக்கத்தில் வித்துத்தூள் படம், பாசிப்பயறு நிறத்தில் பச்சை. வாசலில் ஆள் காத்திருக்க, அவள் தரையில் உட்கார்ந்து மொத்த ஆய்வேட்டையும் படித்தாள். தனக்கென்று ஒரு காப்பியும் போட்டுக்கொண்டாள். அனுமதி கேட்டுத்தான் போட்டேன் என்பாள். நான் நம்பவில்லை.

அன்றிலிருந்து அவள் தேடியது அந்தப் பச்சையைத்தான். ஆல்பத்தில் எண்பது பக்கம் சேர்ந்தும் பச்சை மட்டும் அகப்படவே இல்லை.

இனி அந்தச் செப்டம்பர் முப்பதாம் தேதி.

இரண்டு நாள் இடியோடு மழை கொட்டி அன்று காலை வெயில் வந்திருந்தது. ஏழரை மணிக்குக் கண்ணாயிரம் தன் மொபெட்டில் வந்து நின்றார். பக்கத்து அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஜீப் ஓட்டுகிறவர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், அன்றோடு ரிட்டயர்மெண்ட். முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. வண்டியின் முன்னால் வாழையிலை போட்டு மூடிய ஒரு கூடை.

"ராஜமாணிக்கம், மத்தியானம் நீயும் வந்துடு. அன்புச்செல்வி, நீயும்தாம்மா. ஆபீஸ்ல நாப்பது பேருக்கு நம்ம செலவுல பிரியாணி. புரட்டாசின்னு பாதி பேரு கறி தொடமாட்டாங்க. அதான் காளான் பிரியாணி. பாக்கெட் காளான் நேத்தே வாங்கியாச்சு. ஆனா இத பாரு, விடியக்காலம் இன்னா கெடச்சிருக்குன்னு!"

இலையை விலக்கினார். வெள்ளை வெளேரென்று காளான். பெரும்பாலும் இன்னும் விரியாத மொட்டு, மேளக்குச்சி மாதிரி. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"எங்க எடுத்தீங்கண்ணா?" அன்புச்செல்வியின் குரலே மாறிவிட்டது.

"எங்க நகர் பார்க்குலதாம்மா. நாகாத்தம்மன் புத்து இல்ல? அதாண்ட. சும்மா இல்ல, புத்த சுத்தி வட்டமா நிக்குது. நம்ம ஜனம் மலைய சுத்தற மாதிரி காளான் அம்மன சுத்துது! எண்ணிப் பாத்தேன், சரியா முப்பத்தொண்ணு. என் சர்வீஸ் முப்பத்தோரு வருஷம். இதுக்கு மேல இன்னா வேணும்? புத்துக்காளான்மா. அம்மனே குடுத்தது."

முப்பத்தொன்று வந்ததும் எண்ணுவதை நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவர் கண் கலங்கி நின்றதால் வாயை மூடிக்கொண்டேன்.

அவளோ ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். காம்பைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. விரலால் தள்ளினாள், மேலும் கீழும் நகர்ந்தது.

"ண்ணா, இது புத்துக்காளான் இல்லண்ணா. புத்துக்காளானுக்கு மோதிரம் கெடையாது. இத சமைக்காதீங்க."

கண்ணாயிரத்தின் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாள் அதுவுமா இன்னாம்மா பேச்சு இது? மடிப்ப பாரு, எவ்ளோ வெள்ளை. விஷமா இருந்தா இப்டி இருக்குமா?"

"மொட்டா இருக்கும்போது வெள்ளையாத்தாண்ணா இருக்கும். வயசானாதான் நிறம் வரும்."

"எங்க வூட்ல மஞ்சத்தண்ணியில போட்டு பாத்துதான் சமைப்பா. உனக்கு ஒரு தடவ ஆயிடுச்சுன்னு எல்லாருக்கும் ஆயிடுமா?"

அவள் அடி வாங்கியவள் மாதிரி நின்றாள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அவள் மேலும் வந்தது. ஒரு மனுஷனின் கடைசி வேலைநாளில் அவன் கூடையைப் பார்த்து விஷம் என்று சொல்வதா என்று நினைத்தேன். அவள் விடவில்லை.

"பதினோரு மணி வரைக்கும் டைம் குடுங்கண்ணா. அதுக்குள்ள தாள்ல காட்டறேன். அது வரைக்கும் இத தனியா வெய்யுங்க. பாக்கெட் காளானோட சேக்காதீங்க. உங்க கால்ல வுழுந்து கேக்கறேன்."

"பதினொண்ணு. அதுக்கு மேல அரிசி போட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை உதைத்தார்.

அவர் போனதும் அவள் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டாள். "ண்ணா, ஏறுங்க வண்டியில."

"தெரியுதுன்னா நேரா ராஜம்மாகிட்ட போயி சொல்லிட வேண்டியதுதானே?" ராஜம்மாள் என்பது கண்ணாயிரத்தின் மனைவி.

"முப்பத்தோரு வருஷம் கவர்மெண்டுல இருந்தவரு. வாயால சொன்னா கேப்பாரா? பேப்பர்ல இருந்தாதான் நம்புவாரு."

நான் ஏறி உட்கார்ந்தேன். என் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தானே ஓடுகிறது.

ஸ்கூட்டியை அவள் ஓட்டிய ஓட்டத்தில் என் குடை பறந்து போய், திரும்பி ஓடி எடுத்துக்கொண்டு வந்தேன். புது நகரின் பூங்கா. மனை போட்டபோது எல்லாவற்றையும் சமம் செய்தவர்கள் புற்றைத் தொடப் பயந்து, அதற்கு ஒரு தகரக் கூரை போட்டுவிட்டுச் சுற்றிலும் புல் வளர்த்திருந்தார்கள். மஞ்சள் துணி, பால் பாக்கெட், முட்டை ஓடு. அதைச் சுற்றி, கண்ணாயிரம் சொன்னபடியே, ஒரு பெரிய வட்டம். அவர் பறித்தது போகவும் ஏழெட்டு மீந்திருந்தன. என் கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கன்னத்துல அப்பறம் போட்டுக்கலாம். அந்த ஓரத்துல இருந்து எட்டு வெச்சு வாங்கண்ணா."

வைத்தேன். ஒரு பக்கத்து ஓரத்திலிருந்து புற்றுக்கு நாலு எட்டு. எதிர்ப்பக்கத்து ஓரத்துக்குப் பதினொன்று. புற்று நடுவில் இல்லவே இல்லை! இத்தனை பேர் சுற்றி வந்து கும்பிட்டார்கள், ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை.

"இது ஒரு புள்ளியில ஆரம்பிச்சு மண்ணுக்குள்ள நூல்நூலா நாலாபக்கமும் பரவும். ஓரத்துலதான் குடை முளைக்கும். அதான் வட்டம். புத்து இல்லன்னாலும் வட்டமாத்தான் வரும்." பேசிக்கொண்டே சாவியால் ஒன்றின் அடியைத் தோண்டினாள். "புத்துக்காளானா இருந்தா கீழ எலிவாலு மாதிரி வேர் நீளமா எறங்கும், கரையான் கூடு வரைக்கும். இதுக்கு பாருங்க, முட்டையாட்டம் ஒரு உருண்டை, அவ்ளோதான்."

பிறகு ஓவென்று கத்தினாள். வேலியோரத்தில் ஒன்று முழுசாக விரிந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நின்றது. கண்ணாயிரம் முற்றிப்போனது என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவள் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினாள்.

எட்டேகாலுக்குக் கிண்ணம் கவிழ்ந்தது. கிண்ணம் போதாமல் என் டிபன் கேரியர் மூடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் எழுதிய மனுக்களை நினைத்தால் எனக்கே வெட்கம். ஒரு கிழவருக்கு முதியோர் உதவித்தொகை கேட்கிற மனுவில் 'மேற்படி காளான்' என்று எழுதிவிட்டேன். ஒன்பது மணிக்கு மெல்ல மூடியைத் தூக்கிப் பார்க்கப் போனேன். இரும்பு ஸ்கேலால் புறங்கையில் ஒன்று வைத்தாள்.

"அசைச்சா கலைஞ்சிடும்! செத்த சும்மா இருங்கண்ணா."

"பச்சை வரலன்னா?"

"வரலன்னாலும் இது நல்லதுன்னு ஆயிடாது. வெள்ளையா வுழற சிலது இத விட மோசம், ஈரலையே தின்னுடும். பச்சை வந்தா வேணவே வேணாம்னு நிச்சயமா தெரியும், அவ்ளோதான். வரலன்னா, அவரு சிரிப்பாரு. சமைப்பாரு." விரல் நகத்தைக் கடித்தாள். "நாப்பது பேருண்ணா. அதுல சர்க்கரை வியாதிக்காரங்க இருப்பாங்க, இதய நோய்க்காரங்க இருப்பாங்க. அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பொண்ணு ஏழு மாசம் முழுகாம இருக்கு."

நான் மனுவை ஓரமாகத் தள்ளிவிட்டு, டிபன் மூடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை எனக்கு அது ஒரு பந்தயம் மாதிரிதான் இருந்தது.

பத்தரைக்குப் பிரசாத் வேனை விட்டுவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கடைக்குள் போய் நின்றுகொண்டார். பத்தே முக்காலுக்கு அவள் மூடியை எடுத்தாள். இரண்டு விரலால் குடையை நேராக மேலே தூக்கினாள்.

பச்சை.

வெளிர்ப் பச்சை, பாசிப்பயறை அரைத்துத் தெளித்தது போல. நடுவில் காம்பு இருந்த இடம் மட்டும் வெள்ளை. அங்கிருந்து நூற்றுக்கணக்கில் கோடுகள்.

"வந்துடுச்சு! ஏங்க, வந்துடுச்சுங்க! பாருங்கண்ணா, பச்சை! அஞ்சு வருஷமா தேடறேன், அதே பச்சை!" அவள் குதித்தாள். உண்மையாகவே குதித்தாள், நாற்பத்திரண்டு வயசில், வாசலில் பத்துப் பேர் பார்க்க. நானும் ஏன் கைதட்டினேன் என்று தெரியவில்லை. பிரசாத் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டு, "இதுதானா அது?" என்றார். அவள் சட்டென்று நின்று, "மணி!" என்றாள்.

ஆல்பத்தை நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். தாளை அவள் சாப்பாட்டுத் தட்டு மாதிரி சமமாகப் பிடித்துக்கொள்ள, பிரசாத் ஸ்கூட்டியை ஓட்டினார். மூன்று பேர் போகிறோம், போலீஸ் நிற்கும் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

கண்ணாயிரம் வீட்டுக் கொல்லையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தேக்சாவில் வெங்காயம் சிவந்து ஊரே மணத்தது. ஒரு பக்கம் பாக்கெட் காளான். இன்னொரு பக்கம் குண்டானில், மஞ்சள்தண்ணீரில், நறுக்கிய அம்மன் காளான். ராஜம்மாள் அந்தக் குண்டானைத் தூக்கப் போனாள்.

"அக்கா, போடாதீங்க!"

ராஜம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நல்ல மனுஷி, ஆனால் அடுப்பங்கரையில் அவளுக்கு யாரும் பாடம் சொல்லக் கூடாது. "இவரு சொன்னாரு, நீ ஏதோ சொன்னியாம். நான் சும்மாவா போடறேன்? ஒரு மணி நேரமா மஞ்சத்தண்ணியில ஊறுது, நிறம் மாறல. என் மெட்டிய கழட்டி உள்ள போட்டிருக்கேன். வெள்ளி. விஷமா இருந்தா கறுத்துடும். பாரு." குண்டானுக்குள் கைவிட்டு மெட்டியை எடுத்துக் காட்டினாள். பளபளவென்று இருந்தது. "கறுத்துதா? கறுக்கல. நீதான் கால்ல மெட்டியே போடறதில்ல, உனக்கு எப்டி தெரியும்?"

நாள் முழுக்க வாய் ஓயாத அன்புச்செல்வி அந்த மெட்டியைப் பார்த்ததும் ஊமையாகிவிட்டாள். பச்சை விழுந்த தாளைக்கூட நீட்டவில்லை. என் கக்கத்திலிருந்து ஆல்பத்தை இழுத்து, இத்தனை வருஷமாக யாருக்கும் காட்டாத முதல் பக்கத்தைத் திறந்து ராஜம்மாள் கையில் வைத்தாள்.

அதில் வித்துத்தூள் இல்லை. ஒரு ஜோடி வெள்ளி மெட்டி, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. கீழே தேதி. அதற்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரே வார்த்தை. 'கறுக்கல.'

"நானும் இதேதாங்கா செஞ்சேன்" என்றாள். "மஞ்சள் போட்டேன். மெட்டி போட்டேன். கறுக்கல. அந்த நம்பிக்கையிலதான் இவருக்கு போட்டேன். கவிக்கு என் கையாலயே ஊட்டினேன். ஆறு வயசு. நல்லா இருக்கும்மா, இன்னொரு வாய்ன்னு கேட்டா. இன்னொரு வாய் ஊட்டினேங்கா."

பிரசாத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினோரு வருஷமாக இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரார் துக்கத்தையெல்லாம் எழுதுகிறவன், இவளுக்கு இருந்ததைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

ராஜம்மாள் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்து, "குழி தோண்டுங்க" என்றாள்.

"அம்மன் குடுத்ததுடி..."

"அம்மன் குடுத்திருந்தா புத்துலயே குடுத்திருப்பா. புல்லுல ஏன் குடுக்கறா? ஆடு மாடு வாய் வெக்காத ஆழமா தோண்டுங்க."

கண்ணாயிரம் இன்னும் நம்பவில்லை. அன்புச்செல்விக்கு இப்போதுதான் தாள் நினைவுக்கு வந்தது. நீட்டினாள். கிண்ணம் கவிழ்த்த நேரம், தூக்கிய நேரம், எடுத்த இடம் எல்லாம் ஓரத்தில் எழுதியிருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆர்டரைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தார். கூடையில் மீந்திருந்த விரிந்த காளான் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். அதன் மடிப்பிலும் லேசாகப் பச்சை தட்டத் தொடங்கியிருந்தது. தாளையும் மடிப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கையெழுத்து போடலையேம்மா?"

அவள் போட்டாள்.

"இத நாப்பது காப்பி போடு. கலர்ல. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் விடாம குடுக்கறேன். ரிட்டயர்மெண்டுக்கு என் கையால குடுத்ததா இருக்கட்டும்" என்றவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நாலடி தள்ளிப்போய் நின்று, "காலைல நான் சொன்னத மனசுல வெச்சுக்காதம்மா" என்றார்.

குண்டானைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள். கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். பாக்கெட் காளானைக் கொண்டு பிரியாணி தயாராகி ஒரு மணிக்கு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கேதான் வினை. கண்ணாயிரம் உற்சாகத்தில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தாளைக் கொடுத்துவிட்டார். மாலை, சால்வை, போட்டோ எல்லாம் முடிந்து நாற்பது பேரும் இலை முன்னால் உட்கார்ந்து, கையில் பச்சைத் தாளோடு பிரியாணியை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தொடவில்லை. தயிர்சாதம் மட்டும் கிடுகிடுவென்று தீர்ந்துகொண்டிருந்தது. இது கடையில் வாங்கிய காளான், வளர்த்த காளான் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "நீங்க மொதல்ல சாப்பிடுங்க சார்" என்றது ஒரு குரல். என் மேலேயே எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

வாசலில் நின்றிருந்த அன்புச்செல்வி உள்ளே வந்தாள். காலியாக இருந்த ஒரு இலையில் உட்கார்ந்தாள். பிரசாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆறு வருஷமாக அவள் காளானை வாயில் வைத்ததில்லை என்று அவருக்குத்தானே தெரியும். அவள் ஒரு துண்டுக் காளானை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், சாதத்தோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி மென்றாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"காரம் ஜாஸ்திங்கா" என்றாள் ராஜம்மாளிடம்.

அவ்வளவுதான், ஆபீசே சிரித்தது. ஐந்து நிமிஷத்தில் தேக்சாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று தடவை வாங்கினேன்.

ராஜம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்து அன்புச்செல்வி கை கழுவிவிட்டு வந்ததும் அவளை ஒரு நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்த ஜோடி மெட்டி. ஆல்பத்திலிருந்து எப்போது பிய்த்தாளோ தெரியாது. செல்லோடேப் பிசுக்குப் போகப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.

"வேணாங்கா. அத பாத்தா எனக்கு..."

"மெட்டி கால்ல போடறதுமா. அத கொண்டும் போயி சட்டியில போட்டது நாமதான். அது இன்னா பண்ணும், பாவம்." தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீ வந்து போடு" என்றாள். பிரசாத் வந்து முட்டி போட்டார். நாற்பது பேர் பார்க்க அவர் தள்ளத் தள்ள விரலில் மெட்டி ஏறவே மாட்டேன் என்றது. அவள் அழுதுகொண்டே சிரித்து, "அது இடது காலுதுங்க" என்றாள்.

அந்தப் பச்சைத் தாள் இப்போது ஆல்பத்தில் முதல் பக்கமாக இருக்கிறது. கடையின் சிமெண்டுத் தரையில் அவள் நடந்தால் டக் டக்கென்று சத்தம் கேட்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் அந்தச் சத்தம் படியிறங்கிப் புல்வெளிப் பக்கமாகப் போகும். நானும் பேனாவை மூடி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விடுகிறேன். மனு கொடுக்க வந்தவர்கள் காத்திருக்கட்டும்.